ஆயிரமாண்டுப் பகையா?

காசாவைப் பற்றிப் பேச்செடுத்தால் சிங்கப்பூரின் தேக்கா காப்பிக்கடை மேசையிலிருந்து படித்தவர்கள் கூடும் கருத்தரங்கு வரை ஒரே முடிவுதான் காதில் விழுகிறது. "அவங்க ஆபிரகாம் காலத்துலேர்ந்து அடிச்சுக்கிறாங்க. மதச் சண்டை. என்ன பேசினாலும் தீராது." சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. இடிபாடுகளிலிருந்து தூக்கி வரப்படும் குழந்தைகளைத் திரையில் பார்த்துப் பார்த்து மனம் நைந்து போய்ச் சொல்கிறார்கள். ஆனாலும் அது வரலாற்றுப்படி தவறு. அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் அதில் இருக்கிறது. பகைக்குத் தொடக்கமே இல்லை என்று சொல்லிவிட்டால், அதைத் தொடங்கியவர்கள், வளர்த்தவர்கள், இன்றும் அதில் ஆதாயம் தேடுகிறவர்கள் என எல்லாரும் ஒரே வீச்சில் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறார்கள். சாகிறவர்கள் மட்டும் தப்புவதில்லை.

இந்தக் கருத்தை மறுக்க எருசலேம் வரை போக வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிப் பிரியும் தெருவுக்கு பெலிலியோஸ் சாலை என்று பெயர். கல்கத்தாவோடு தொடர்புள்ள யூத மாட்டு வணிகர் ஐ. ஆர். பெலிலியோஸின் பெயர் அது. இந்தியர்களை இந்த வட்டாரத்துக்கு முதன்முதலில் இழுத்து வந்தவற்றில் அந்தக் கால்நடைத் தொழிலும் ஒன்று. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் முஸ்தபா கடைத்தொகுதி இருக்கும் சையது ஆல்வி சாலை வந்துவிடும். ஏமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து வந்து சிங்கப்பூரில் வேரூன்றிய அல்ஜுனீட் என்ற அரபுக் குடும்பத்தின் நினைவாக வைத்த பெயர். எதிர்ப்பக்கம் சிலிகி சாலை முனைக்கு வந்தால் 1924-இல் எழும்பிய எலிசன் கட்டடம். முகப்பில் தாவீதின் நட்சத்திரம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878-இல் திறந்த மகைன் அபோத் யூத ஆலயம்; ஓமார் கம்போங் மலாக்கா பள்ளிவாசலுக்கோ அதற்கும் மூத்த வயது, 1820. அரபியரும் யூதரும் ஒரே துறைமுகத்தில் இறங்கி, ஒரே சந்தையில் வாங்கி விற்று, பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்தார்கள். ஆபிரகாம் காலத்துப் பகை அவர்களோடு கப்பலேறி வரவில்லை.

இதற்கு இன்னும் வலுவான சான்று டேவிட் மார்ஷல். பாக்தாத் யூதக் குடும்பத்தின் பிள்ளை. 1955 ஏப்ரலில் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானார். அவருடைய தொழிலாளர் முன்னணிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. கைகொடுத்தது அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் சேர்ந்திருந்த கூட்டணி. அம்னோவின் அப்துல் ஹமீது ஜுமாட் அவருடைய அமைச்சரவையில் உட்கார்ந்தார். இஸ்ரேல் உருவாகி, பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்டு ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. மலாய் முஸ்லிம் கட்சி ஒன்று யூதர் ஒருவரை அரியணையில் அமர்த்தத் தயங்கவில்லை. மதமே பகையின் வேர் என்பவர்கள் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

மார்ஷலின் முன்னோர் புறப்பட்டு வந்த பாக்தாதைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். வணிகம், வங்கி, இசை, மருத்துவம் எல்லாவற்றிலும் அவர்கள் இருந்தார்கள். வீட்டில் அரபி பேசினார்கள். யூதச் சிந்தனையின் உச்சங்களில் ஒருவரான மைமோனிடஸ், பன்னிரண்டாம் நூற்றாண்டில் கெய்ரோவில் சலாஹுத்தீனின் ஆட்சிவட்டத்து மருத்துவராக வாழ்ந்து, தம் தத்துவ நூலை அரபியில் எழுதினார். 1492-இல் ஸ்பெயினின் கத்தோலிக்க அரசு யூதர்களை வெளியேற்றியபோது, அவர்களுக்கு வாசல் திறந்தவர் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயசீது. அது பொற்காலம் ஒன்றும் இல்லை. முஸ்லிம் ஆட்சிகளில் யூதர்கள் தனி வரி கட்டிய இரண்டாந்தரக் குடிகள்; அவ்வப்போது வன்முறையும் பாய்ந்திருக்கிறது. ஆனால் யூதர்களை முற்றாக அழிக்கத் திட்டமிட்டு, 60 இலட்சம் பேரைக் கொன்றது ஐரோப்பா. அந்தக் கணக்கை அரபியர் தலையில் எழுதுவது நியாயமாகாது.

ஆகவே இந்தச் சண்டைக்குத் தேதி இருக்கிறது. 1897-இல் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிச மாநாடு. 1917 நவம்பர் 2-ஆம் தேதி, பாலஸ்தீன மக்களை ஒரு சொல்லும் கேட்காமல் பிரிட்டன் வெளியிட்ட பால்ஃபர் அறிவிப்பு. 1947 நவம்பர் 29-இல் ஐ.நா. நிறைவேற்றிய பிரிவினைத் தீர்மானம். 1948-இல் வீடு வாசலை விட்டு வெளியேறிய, வெளியேற்றப்பட்ட சுமார் 7 இலட்சம் பாலஸ்தீனர்கள். 1950, 1951 ஆண்டுகளில் ஈராக்கைவிட்டு விமானமேறிய சுமார் 1,20,000 யூதர்கள். 1941-இல் பாக்தாதில் நடந்த படுகொலையின் அச்சம் அவர்களை விட்டு நீங்கவேயில்லை. இரண்டு மக்களும் வீடிழந்தது உண்மை. இரண்டுக்கும் ஆவணம் இருக்கிறது, உத்தரவிட்டவர்கள் இருக்கிறார்கள், கையெழுத்து இருக்கிறது. நூறு ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட ஒரு நிலத் தகராற்றை நாலாயிரம் ஆண்டுப் பகையாக ஊதிக் காட்டுவதால் யாருக்கு இலாபம் என்று கேட்கவேண்டும்.

தமிழர்களுக்கு இந்த ஏமாற்று புதிதல்ல. சிங்களருக்கும் தமிழருக்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுப் பகை என்று எத்தனை பேர் எழுதவில்லை? அதற்கு ஆதாரமாக மகாவம்சத்தின் எல்லாளன், துட்டகைமுனு கதையை எடுத்து நீட்டுவார்கள். அதே மகாவம்சத்தில், வென்ற துட்டகைமுனு தோற்ற எல்லாளனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அதைக் கடப்பவர் மரியாதை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டதும் இருக்கிறது. அதை எடுத்து நீட்டுபவர் குறைவு. இலங்கையின் போருக்கும் தேதி உண்டு. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம். 1958 ஏப்ரலில் பிக்குகளின் நெருக்குதலுக்குப் பணிந்து அது கிழிபட்டது. தீர்வு கையில் இருந்தது. அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பின்பு 2009 வரை பாய்ந்த இரத்தத்துக்குத் துட்டகைமுனுவைப் பொறுப்பாக்க எந்தத் தமிழரும் ஒப்பமாட்டார். தன் வீட்டுத் துயரத்துக்கு இந்த விளக்கத்தை ஏற்காத தமிழர், அடுத்தவர் துயரத்துக்கு மட்டும் அதைச் சுலபமாக ஏற்பது சரியில்லை.

பழைய நூலைக் கொண்டு இன்றைய நிலத்தை அளக்கும் வேலை சிங்கப்பூரிலேயே நடந்தது. 2024 மார்ச் இறுதியில் இங்குள்ள இஸ்ரேலியத் தூதரகம் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவை இட்டது. குர்ஆனில் இஸ்ரேல் 43 முறை குறிப்பிடப்படுகிறது, பாலஸ்தீனம் ஒரு முறைகூட இல்லை என்பது அதன் சாரம். அப்போதைய உள்துறை, சட்ட அமைச்சர் கா. சண்முகம் அதை வன்மையாகக் கண்டித்தார். வரலாற்றைத் திருத்தி எழுதும் முயற்சி என்றார். பதிவு நீக்கப்பட்டது. அவர் செய்தது சரி. இந்நாட்டுச் சமய அமைதியைக் காக்கும் அக்கறை அதில் இருந்தது உண்மைதான். அதற்கு அப்பாலும் ஒரு நியாயம் உண்டு. இன்று கலிலீயிலோ ஹெப்ரோனிலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்த வீட்டில் இருக்க உரிமை உண்டா என்ற கேள்விக்கு எந்த வேதத்தின் பெயர்ப் பட்டியலும் பதிலாகாது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் சிலர் இன்னொரு படி இறங்கி நிற்பார்கள். "சரி, பழம்பகை இல்லை. ஆனால் இவ்வளவு இரத்தம் சிந்திய பிறகு மனம் ஆறுமா?" 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணை பிடிக்கப்பட்டார்கள். வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தோடு கொன்றார்கள். அதற்குப் பின் காசாவில் இறந்தோர் எண்ணிக்கை, அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்குப்படி, 2025 ஜூலை முடிவதற்குள் 60,000-ஐத் தாண்டியது. பட்டினியும் ஆயுதமாயிற்று. இவற்றை மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மனம் ஆறிய பிறகுதான் சமாதானம் வரும் என்ற கணிப்பில்தான் பிழை இருக்கிறது. உலகில் நிலைத்த சமாதானங்களில் பல, மனம் ஆறாமலேயே வந்தவை. சிங்கப்பூருக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்டதுதான்.

1963 முதல் 1966 வரை இந்தோனீசியா மலேசியாவுக்கு எதிராக நடத்திய கொன்ஃப்ரொன்டாசி என்னும் மோதல் இன்று பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது. அன்று அது சிங்கப்பூரின் தெருக்களில் வெடித்த குண்டு. 1965 மார்ச் 10-ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலை மெக்டானல்ட் ஹவுஸில் இந்தோனீசியக் கடற்படையினர் உஸ்மானும் ஹாருனும் வைத்த குண்டில் மூவர் இறந்தனர்; 33 பேர் காயமடைந்தனர். இறந்தவர்கள் வேலைக்கு வந்த சாதாரண மக்கள். இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதிபர் சுஹார்த்தோ உயிர்ப்பிச்சை கேட்டார். சிங்கப்பூர் மறுத்தது. 1968 அக்டோபர் 17 அன்று தூக்கிலிட்டார்கள். ஜகார்த்தாவில் கூட்டம் திரண்டு சிங்கப்பூர்த் தூதரகத்தைச் சூறையாடியது. இருவரின் உடலும் கலிபாட்டா வீரர் மயானத்தில் அரச மரியாதையோடு அடக்கமாயின. இருவரும் தேசிய வீரர்கள் என்று இந்தோனீசியா அறிவித்தது. சிங்கப்பூருக்கு அவர்கள் கொலைகாரர்கள். இந்தக் கணக்கு இன்றுவரை ஒன்றுபடவில்லை.

ஒன்றுபடாமலேயே என்ன நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தூக்குக்கு ஓராண்டுக்கும் முன்னரே, 1967 ஆகஸ்ட் 8 அன்று, பாங்காக்கில் ஐந்து நாடுகள் ஆசியானை நிறுவியிருந்தன. சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம்; யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர், சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை வடித்தவர். ஒப்பந்தத்தில் இந்தோனீசியாவும் கையெழுத்திட்டது. 1968-இன் கோபம் அந்த ஏற்பாட்டை அசைத்தது, உடைக்கவில்லை. பிறகு 1973 மே மாதம் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தா போனார். கலிபாட்டாவுக்குச் சென்று உஸ்மான், ஹாருன் இருவரின் கல்லறையில் மலர் தூவினார். தம் மக்களைக் கொன்றவர்களின் கல்லறையில். அந்த மாதமே இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட கடல் எல்லை குறித்து உடன்படிக்கையும் கையெழுத்தானது. ஒரு பக்கம் மலர், மறுபக்கம் அளந்து போட்ட கோடு. மரியாதையும் எல்லையும் சேர்ந்து வந்ததால்தான் அந்த மலர் வெறும் சடங்காகப் போகவில்லை.

காயம் முழுக்க ஆறியதா என்றால் இல்லை. 2014-இல் இந்தோனீசியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு உஸ்மான் ஹாருன் என்று பெயர் வைத்தது. சிங்கப்பூர் கொதித்தது, அந்தக் கப்பல் இங்கு வரக்கூடாது என்று அறிவித்தது. இரு பக்கமும் சூடான சொற்கள் பறந்தன. படை நகரவில்லை. 2022 ஜனவரி 25 அன்று பிந்தானில் வான்வெளி, குற்றவாளிகளை ஒப்படைத்தல், தற்காப்பு ஆகிய மூன்றிலும் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒருவர் வீரர் என்பவரை மற்றவர் கொலையாளி என்கிறார். ஆனாலும் படகு ஓடுகிறது, பாத்தாமுக்கு வார இறுதியில் குடும்பங்கள் போய் வருகின்றன. இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனருக்கும் இதைவிட மேலான அன்பு தேவையில்லை. இது போதும்.

மத்தியக் கிழக்கிலேயே இதற்கு நிகரான சான்று இருக்கிறது. அதைச் சொன்னால் பழம்பகைக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். எகிப்தும் இஸ்ரேலும் 1948, 1956, 1967, 1973 என நான்கு முறை போரிட்டன. கடைசிப் போரில் மட்டும் இஸ்ரேல் 2,600-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. எகிப்தின் இழப்பு அதைவிடப் பெரிது. நான்கே ஆண்டுகளில், 1977 நவம்பரில், அன்வர் சதாத் எருசலேமுக்கு நேரில் போனார். 1979 மார்ச் 26-இல் உடன்படிக்கை. 1982 ஏப்ரலுக்குள் சினாயை ஏறத்தாழ முழுவதுமாக இஸ்ரேல் திருப்பிக் கொடுத்தது. அங்கு கட்டியிருந்த யாமித் குடியேற்றத்தைத் தன் கையாலேயே இடித்தது. எஞ்சிய தாபா என்ற சிறு கடற்கரைத் துண்டு யாருக்கு என்பதில் தகராறு வந்தபோது அனைத்துலக நடுவர் குழுவிடம் போனார்கள். 1988-இல் எகிப்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, மறு ஆண்டு இஸ்ரேல் ஒப்படைத்தது. 1981-இல் சதாத்தைச் சுட்டுக் கொன்றார்கள். உடன்படிக்கை சாகவில்லை. காசா எரிந்த இந்த ஆண்டுகளிலும் அது நிற்கிறது. எகிப்தியர் இஸ்ரேலியரை விரும்பத் தொடங்கிவிட்டார்களா? இல்லை. நிலம் திரும்பக் கிடைத்தது, எல்லை முடிவானது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மூன்றாவது வாதம் வரும். சிங்கப்பூரில் அதற்குத் தனி மவுசு. "அமைதி பேச்சால் வராது. பலத்தால் வரும். சிங்கப்பூரே இஸ்ரேலைப் பார்த்துத்தானே தன்னைக் காத்துக்கொண்டது?" இதில் பாதி உண்மை. 1965-இல் தனித்து விடப்பட்ட சிங்கப்பூர், படை அமைக்க முதலில் இந்தியாவிடமும் எகிப்திடமும் உதவி கேட்டது. இரண்டும் கைகொடுக்கவில்லை. தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ இஸ்ரேலியரை அழைத்தார். கர்னல் எலாசாரி தலைமையில் வந்த அந்தக் குழுவினரை மெக்சிகோக்காரர்கள் என்று சொல்லி மறைத்து வைத்தார்கள். அண்டையில் இரண்டு பெரிய முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள். உள்நாட்டில் மலாய் மக்கள். மறைக்காமல் வேறு வழியில்லை. தேசிய சேவையின் அமைப்பு, சேமப் படையின் வடிவம் எல்லாவற்றிலும் அவர்களின் கைவண்ணம் உண்டு. நெருக்கடியில் உதவியவரை மறக்காத நன்றியுணர்வு சிங்கப்பூரின் வெளியுறவில் இன்றும் தெரிகிறது. அதைப் பழிக்கத் தேவையில்லை.

ஆனால் சிங்கப்பூர் அவர்களிடமிருந்து படைப் பயிற்சியைத்தான் எடுத்துக்கொண்டது. அண்டை நிலத்தில் குடியேற்றம் கட்டும் அரசியலை எடுத்துக்கொள்ளவில்லை. மலாய் நாடுகளின் நடுவே சீனர் பெரும்பான்மையாக வாழும் தீவு, மலாயைத் தேசிய மொழியாக வைத்துக்கொண்டது. தேசிய கீதத்தை மலாயில் பாடுகிறது. தமிழையும் உட்படுத்தி நான்கு மொழிகளை ஆட்சிமொழியாக்கியது. 1964 ஜூலை 21 நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் வெடித்த கலவரத்தில் 23 பேரும் செப்டம்பரில் மீண்டும் வெடித்ததில் 13 பேரும் செத்த ஊர் இது. அந்த இரத்தத்தைச் சாக்காக வைத்து மலாய் மக்களைச் சுவருக்கு அப்பால் தள்ளவில்லை. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் இன விகிதம் வைத்து எல்லாரையும் ஒரே மின்தூக்கியில் ஏற்றியது. குறை இல்லாமல் இல்லை. ஆயுதப்படையில் சில பொறுப்புகள் மலாய்க்காரர்களுக்கு எட்டாமல் இருந்தது பற்றி 1987-இலேயே வெளிப்படையான சர்ச்சை எழுந்தது. அந்த மனக்குறை இன்னும் முழுவதும் தீரவில்லை. இன விகித விதியால் வீடு விற்கச் சிரமப்படும் இந்தியக் குடும்பங்களும் உண்டு. ஆனாலும் வாக்குரிமை, குடியுரிமை, நீதிமன்றம் மூன்றும் எல்லாருக்கும் ஒன்றே.

மலேசியாவோடும் அப்படித்தான். தண்ணீரை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டல் பிரிவினைக் காலத்திலேயே காற்றில் இருந்தது. 1986 நவம்பரில் இஸ்ரேலிய அதிபர் ஹைம் ஹெர்சோக் சிங்கப்பூர் வந்தபோது, ஜொகூர்ப் பாலத்தருகே ஆர்ப்பாட்டம்; மலேசியா தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அப்போதும் 1962-இன் தண்ணீர் ஒப்பந்தம் நின்றது. நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். 2061 வரை அது செல்லும். பெட்ரா பிராங்கா தீவுக்குப் பல்லாண்டு வழக்காடினார்கள். 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் தீவைச் சிங்கப்பூருக்கும் பக்கத்துப் பாறையான மிடில் ராக்ஸை மலேசியாவுக்கும் கொடுத்தது. இரு தரப்பும் தீர்ப்புக்குத் தலைவணங்கின. படை பலம் பின்னால் இருந்தது என்பது உண்மை. படையை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனது முக்கால் உண்மை. பலத்தைப் பேசுகிறவர்கள் அந்த முக்கால் பங்கை விட்டுவிட்டுக் கால் பங்கைப் பாடமாக்குகிறார்கள்.

அந்தக் கால் பங்கு மட்டும் போதுமென்றால் இஸ்ரேல் உலகிலேயே மிகவும் நிம்மதியான நாடாக இருந்திருக்க வேண்டும். அதன் பக்கத்தில் அதற்கு ஈடான படை எதுவும் இல்லை. 2020 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளும் பஹ்ரைனும் ஆபிரகாம் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, பாலஸ்தீனரை ஒதுக்கிவைத்துவிட்டே அரபுலகத்தோடு சமாதானம் செய்துவிடலாம் என்று பலர் பூரித்தார்கள். மூன்று ஆண்டுகளில் அக்டோபர் 7 வந்தது. வேலி, உளவு, வானிலேயே ஏவுகணையை உடைக்கும் கருவி எதுவும் அன்று காக்கவில்லை. மேற்குக் கரையில் 1993-இல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனருக்கும் இடையே ஒஸ்லோ உடன்பாடு கையெழுத்தானபோது சுமார் 1,10,000 குடியேறிகள் இருந்தார்கள். இன்று கிழக்கு எருசலேமைச் சேர்க்காமலேயே 5 இலட்சத்துக்கும் மேல். பேச்சுவார்த்தை மேசையில் இருந்த நிலத்தைப் பேச்சு நடக்கும்போதே ஒரு தரப்பு கட்டடம் கட்டி நிரப்பிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்துவிட்டுப் பேச்சுவார்த்தை தோற்றது, பழம்பகை வென்றது என்று எழுதுவது எந்த நேர்மை?

எதிர்த்தரப்பின் மிகப் பலமான கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2005-இல் காசாவிலிருந்து இஸ்ரேல் தன் படையையும் குடியேறிகளையும் வெளியேற்றியதே, பதிலுக்கு ராக்கெட்தானே வந்தது? ஆம், வந்தது. சினாயை நினைத்துப் பாருங்கள். அங்கே உடன்படிக்கை போட்டு, படை நுழையாத வலயம் வகுத்து, பன்னாட்டுக் கண்காணிப்புப் படை நிறுத்தி, எதிரில் இருக்கும் அரசிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். காசாவிலிருந்து யாரோடும் உடன்பாடு செய்யாமல் ஒருதலையாக விலகினார்கள். கடலும் வானும் சுங்கச்சாவடியும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பேச்சை நம்பிய பாலஸ்தீன ஆணையத்துக்குக் கையில் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை; துப்பாக்கியை நம்பிய ஹமாஸ் வெற்றி தன்னுடையது என்று மார்தட்டியது. 2000-இல் கேம்ப் டேவிட் பேச்சு முறிந்ததில் பாலஸ்தீனத் தலைவர் அரபாத்துக்கும் பங்குண்டு. பேருந்துகளிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டு வெடித்த ஆண்டுகளில் இஸ்ரேலிய அமைதி இயக்கத்தின் முதுகெலும்பே முறிந்தது. அந்தப் பாவம் குண்டு வைத்தவர்களைச் சேரும். இவை தவறிய முடிவுகள். மாற்றி எடுத்திருக்கக்கூடிய முடிவுகள். 1995 நவம்பர் 4 அன்று இஸ்ரேலியப் பிரதமர் ராபினைச் சுட்டவன் இஸ்ரேலிய யூதன். சமாதானம் நடக்காது என்று அவன் நம்பியிருந்தால் சுட்டிருக்கமாட்டான்.

இன்னும் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தோனீசியாவும் சிங்கப்பூரும் நாடுகள். எகிப்தும் நாடு. கையெழுத்திட, எல்லை வகுக்க, வழக்காட அவற்றுக்குத் தகுதி இருந்தது. பாலஸ்தீனருக்கு அந்தத் தகுதியே மறுக்கப்படுகிறது. 2024 ஜூலையில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் பாலஸ்தீன நாடே கூடாது என்று 68 வாக்குகளுக்கு 9 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. மறுநாள், ஜூலை 19 அன்று, அனைத்துலக நீதிமன்றம் பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது என்று கருத்துரைத்தது. 2025 ஆகஸ்டில், கிழக்கு எருசலேமை மேற்குக் கரையிலிருந்து துண்டிக்கும் ஈ-1 குடியேற்றத் திட்டத்துக்கு இஸ்ரேல் ஒப்புதல் கொடுத்தது. சிங்கப்பூரின் அனுபவம் பாலஸ்தீனத்துக்குப் பொருந்தாது என்று வாதிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சுட்டுவார்கள். அது அவர்கள் கட்சிக்கு உதவாது. சமாதானத்துக்கு இரண்டு நாடுகள் வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

சிங்கப்பூர் அரசு என்ன செய்கிறது? ஐ.நா.வில் போர்நிறுத்தம் கேட்டு வாக்களித்தது. 2024 மே 10 அன்று, பாலஸ்தீனம் ஐ.நா.வின் முழு உறுப்பினராகத் தகுதியுள்ளது என்ற தீர்மானத்தை 143 நாடுகளில் ஒன்றாக ஆதரித்தது. 2025 செப்டம்பர் 22 அன்று வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில், வன்முறையில் ஈடுபடும் தீவிரக் குடியேறிக் குழுக்களின் தலைவர்கள்மீது தடை விதிக்கப்போவதாக அறிவித்தார். நவம்பரில் நான்கு பேர்மீது அது விதிக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் பாலஸ்தீன நாட்டை அங்கீகரிப்பது மட்டும் தள்ளிப்போகிறது. இஸ்ரேலின் இருப்புரிமையை ஏற்று, பயங்கரவாதத்தைக் கைவிடும் திறமையான அரசாங்கம் அங்கு அமைந்தால் பரிசீலிப்போம் என்கிறது சிங்கப்பூர். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் அந்த வாரத்திலேயே அங்கீகரித்துவிட்டன.

அந்த நிபந்தனைகளில் இரண்டை 1993 செப்டம்பர் 9 அன்றே யாசர் அரபாத் ராபினுக்கு எழுதிய கடிதத்தில் ஏற்றுக் கையெழுத்திட்டார். இஸ்ரேலின் இருப்புரிமையை ஒப்புக்கொண்டார், பயங்கரவாதத்தைக் கைவிடுவதாக எழுதினார். மாற்றாகக் கிடைத்தது பாலஸ்தீன விடுதலை இயக்கம் பேசத்தகுந்த அமைப்பு என்ற அங்கீகாரம் மட்டுமே, நாடு கிடைக்கவில்லை. 2002 மார்ச்சில் பெய்ரூட்டில் கூடிய அரபு நாடுகள் அத்தனையும், 1967 எல்லைக்குப் பின்வாங்கினால் இஸ்ரேலோடு இயல்பான உறவு என்று எழுதிக் கொடுத்தன. அதற்கும் பதில் வரவில்லை. ஹமாஸ் இந்த நிபந்தனைகளை ஏற்கவில்லை என்பது உண்மை. ஹமாஸுக்கு அங்கீகாரம் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அங்கீகாரம் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும், பேச்சை நம்பியவர்கள் ஏமாளிகள் என்று சொல்ல ஹமாஸுக்குக் கிடைக்கும் வாய்ப்பு என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திறமையான அரசாங்கம் அமையட்டும் என்ற நிபந்தனையைச் சிங்கப்பூருக்கு யாரும் வைக்கவில்லை. 1965 ஆகஸ்ட் 9-இல் பிறந்த இந்நாட்டிடம் அன்று இருந்தவை இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள், பிரிட்டிஷ் தளங்கள், மலேசியாவின் தண்ணீர். கொன்ஃப்ரொன்டாசி ஓயவில்லை, முந்தின ஆண்டுக் கலவரத்தின் காயம் ஆறவில்லை. இந்த நாடு ஓராண்டு தாங்குமா என்று ஊரே கேட்டது. ஆறே வாரத்தில், செப்டம்பர் 21 அன்று, ஐ.நா. சிங்கப்பூரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பாதுகாப்பு மன்றத்தில் அதை முன்மொழிந்த நாடுகளில், கசப்போடு பிரிந்த மலேசியாவும் இருந்தது. அரபு நாடான ஜோர்தானும் இருந்தது. நாடாக மதித்த பிறகுதான் சிங்கப்பூர் நாடாக நடந்துகொள்ள முடிந்தது. பாலஸ்தீனத்துக்குத் தகுதி உண்டென்று 2024 மே மாதம் வாக்களித்த சிங்கப்பூர், அங்கீகாரத்தை இனியும் தள்ளிப்போடாமல் அறிவிக்க வேண்டும்.